முகத்தின் குறுக்கே எழுதிய பெயர்

செய்தி வந்தபோது வெள்ளறடை பஸ் ஸ்டாண்டில் கூரியர் பையோடு நின்றுகொண்டிருந்தேன். ஊர் வாட்ஸாப் குரூப்பில் ஒரு படம். பூங்கொத்து வைத்த காலை வணக்கங்களுக்கு நடுவே, கறுப்பு ஓரம் கட்டிய மேபல் அக்காவின் முகம். கீழே 'ஆதராஞ்சலிகள்'. சபைப் பெண்கள் சேர்ந்து எடுத்த போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி, பச்சைச் சேலையோடு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முகத்தை வெட்டிப் போடுவதற்கு இந்த குரூப்புக்கு எவ்வளவு அவசரம் என்று தோன்றியது. அப்படி நினைக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பது அடுத்த நிமிஷமே ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை இதே குரூப்பில் எழுதுகிறேன்.

என் முகத்தைப் பார்த்து ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்கார அண்ணன் கேட்டார்.

"எந்தா பிள்ளே, ஆரு போயாச்சு?"

"மேபல் அக்கா."

"ஆரு, நம்ம ரெக்கார்டு மேபலா? எனக்க கர்த்தாவே! எனக்க மவளுக்க தவளைய எல்லாம் அவதான வரைஞ்சு குடுத்தா!"

எலிக்காய்ச்சல். நான்கே நாள். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவருடைய படத்தால் மார்க் வாங்கியவர்கள். மறுக்காதீர்கள். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும், பார்டருக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு குன்னத்துகாலில் அவர் வீட்டுக்குப் போவார்கள். தவளையின் குடல், செம்பருத்தியின் நெடுக்குவெட்டு, கண்ணின் உள்கூடு எல்லாம் அவர் கைப் பென்சிலில் வந்தவை. ஒரே கை வரைந்த நாற்பது தவளைகளுக்கு நாற்பது பேர் பெயரில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்களுக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

நானும் அப்படித்தான் போனேன். நர்சிங் இரண்டாம் வருஷம். இதயத்தின் படம் வரையக் கொடுத்துவிட்டு வந்த அடுத்த வாரம் படிப்பை விட்டுவிட்டேன். அதைச் சொல்லப் போனபோது அக்கா வராந்தாத் தரையில் படுத்தபடி வரைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து வரைய அவருக்கு வராது.

"எக்கா, இனி வரைய வேண்டாம். நான் காலேஜ நிறுத்தியாச்சு."

"எதுக்கு?"

"ஒரு எடத்துல அடங்கி இருக்க எனக்கு வய்யாது."

"அது செரி. பின்ன இந்த பாதி இதயத்த நான் என்ன செய்யது? மீன்காரிக்கு குடுக்கவா?"

வீட்டில் மூன்று நாளாகத் திட்டு வாங்கி வந்திருந்தேன். அங்கேதான் முதலில் சிரித்தேன். அவர் நோட்டை மூடிவிட்டு என் ஸ்கூட்டரைப் பார்த்தார். "வண்டியில பெட்ரோல் உண்டா?" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் நான் அவருடைய வண்டி. அவர் எனக்கு வரையக் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு நேர்கோடு வராது. அவருக்குப் போக வேண்டிய இடங்கள் இருந்தன. எனக்கு எங்கேயாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்திவிட்டன.

அவர் போக வேண்டிய இடங்கள் எவை என்பதற்கு அந்த ஃபிளெக்ஸ் போர்டிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் முக்கில், சாயக்கடைக்கு எதிரே, ரெசிடன்ஸ் அசோசியேஷன் வைத்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தப் பகுதியில் வீடோ அறையோ வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. செக்ரட்டரி கல்ஃப் சுகுமாரன் அண்ணன். உங்களுக்குத் தெரியும், ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் எதையும் செய்வார். அக்கா சாயாக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த போர்டை இரண்டு முறை வாசித்தார்.

"பிரின்ஸி, அந்த ரெண்டு கம்பிக்கும் குழி எடுத்தவன் ஆரு தெரியுமா?"

"ஆரு?"

"ஹாலோபிரிக்ஸ் கம்பெனியில உண்டுல்லா, அந்த ஒடிசாக்காரன். அவன்தான் குழி எடுத்து, கம்பி நட்டு, காங்கிரீட்டும் போட்டான். நான் இந்த வழிதான் வந்தேன். இதுல என்ன எழுதியிருக்கு எண்ணு எனக்க கிட்ட கேட்டான். எனக்கு சொல்ல வாய் வரல்ல. கோயில் உற்சவம் எண்ணு பறஞ்சேன்."

அந்தப் பொய் அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார். ஹாலோபிரிக்ஸ் கம்பெனிக்குப் போய் அந்த ஆளிடம் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உள்ளபடி சொன்னார். பிறகு, "ஒரு படம் வரையட்டுமா?" என்று கேட்டார்.

அவர் பெயர் பிகாஷ். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறார். சிமெண்ட் கட்டை அறுப்பார், மதில் கட்டுவார், பூச்சு வேலை செய்வார். நம் பேச்சு நன்றாகப் பேசுவார். ஆனாலும் ஊர் முழுக்க அவரை 'பெங்காளி' என்றுதான் கூப்பிடும். முதல் இரண்டு வருஷம் 'பெங்காள் இல்லை, ஒடிசா' என்று திருத்திப் பார்த்தாராம். பிறகு விட்டுவிட்டார். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அன்றைக்குப் பிறகுதான் பிகாஷ் அண்ணன் ஆனார்.

அக்கா வரைகிற விதத்தை அங்கேதான் பார்த்தேன். ஆளை அசையாமல் உட்காரச் சொல்ல மாட்டார். "நீ உனக்க வேலைய பாரு தம்பி" என்பார். பிகாஷ் அண்ணன் சிமெண்ட் குழைத்துக்கொண்டே பேசினார். அக்கா மணல் குவியலில் சாய்ந்து கிடந்து முதலில் காதை வரைந்தார். எப்போதும் காதிலிருந்துதான் தொடங்குவார். "மூக்கும் வாயும் ஒரு குடும்பத்துக்கே ஒண்ணு போல இருக்கும். காது அப்படி இல்ல. அது அவனவனுக்க சொந்தமாக்கும்" என்பார். அழிரப்பர் கிடையாது. கோடு தவறினால் தவறியதுதான்.

முடிந்ததும் பேப்பரை அவரிடம் நீட்டினார். "அடியில உனக்க பேர எழுது."

"நீங்களே எழுதுங்க அக்கா. மலையாளத்துல. எல்லாரும் வாசிக்கட்டு."

"உனக்க பேர நான் எழுதமாட்டேன். ஒருத்தனுக்க பேர அவன்தான் எழுதணும். உனக்க எழுத்துல எழுது."

வட்டம் வட்டமான எழுத்தில் அவர் எழுதினார். இதுதான் அக்காவின் சட்டம். கிணறு வெட்டுகிறவர், ரப்பர் ஷீட் அடிக்கிறவர், ஓட்டலில் பரோட்டா போடுகிறவர் என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேரை வரைந்தார். ஒருவர் பெயரையும் அவர் எழுதவில்லை. காஞ்சிரங்குளம் பக்கத்தில் எழுதத் தெரியாத ஒருவர் இருந்தார். பெயருக்குப் பதிலாக ஒரு மீன் வரைந்து கொடுத்தார். அக்கா அதை வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். "எனக்க தவளையவிட நல்லா உண்டு" என்றார்.

படங்களை எங்கே ஒட்டினோம் என்று உங்களுக்குத் தெரியும், உங்களில் சிலர் கிழித்தும் இருக்கிறீர்கள். அந்த ஆள் எதைக் கட்டினாரோ அதன் மேலே. மதில் கட்டியவர் முகம் மதிலில். கிணறு வெட்டியவர் முகம் கிணற்றுச் சுவரில். 'இதைக் கட்டியவர்' என்று மட்டும் ஓர் ஓரத்தில் அக்கா எழுதுவார். மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசை செய்வார். அதில் கொஞ்சம் துருசு, அதாவது மயில்துத்தம், கலப்பார். இல்லாவிட்டால் மழைக்கு வருகிற நத்தை, படத்தோடு சேர்த்துத் தின்றுவிடும்.

பிகாஷ் அண்ணனின் முகத்தை முதலில் ஒட்டியது சுகுமாரன் அண்ணனின் மதிலில். கேட்டுக்குப் பக்கத்தில், கிரானைட்டில் பொறித்த வீட்டுப் பெயருக்கு நேர் கீழே. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்க மதிலுல ஆரு கேட்டு ஒட்டின மேபலு?"

"மதிலு உமக்கதுதான் அண்ணே. ஆரு இல்லண்ணு பறஞ்சா?"

"பின்ன இந்த பெங்காளிக்க மொகம் எதுக்கு?"

"அவன் கெட்டின மதிலுல்லா? மூணு மழையில கிழக்க உள்ள மதிலு எல்லாம் சரிஞ்சு. உம்மட மதிலு நிக்குது. கெட்டினவன் மொகம் இருந்தா அது விழுந்தா போவும்?"

அவர் கிழித்துப் போட்டார். அக்கா மறுநாள் அதே முகத்தை மறுபடி வரைந்து ஒட்டினார். அவர் மறுபடி கிழித்தார். மூன்றாவது படத்தை அவர் கிழிக்கவில்லை, அதன் மேல் குடையைத் தொங்கவிட்டு மறைத்தார். அக்காவுக்கு அதில் பெரிய சந்தோஷம். "குடை பிடிச்சு காக்குதாரு பாரு" என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் முதுகில் தட்டிச் சிரிப்பார்.

இனி நான் சொல்ல வேண்டியது.

அந்த மூன்றாவது படத்தை, ஒட்டிய உடனே, அக்காவின் போனில் போட்டோ எடுத்தது நான். கீழ்ப்பாதியில் என் ஸ்கூட்டர் கண்ணாடியின் நிழல் விழுந்து அசிங்கமாக இருந்தது. அங்கேதான் பிகாஷ் அண்ணனின் பெயர் இருந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துதானே, போனால் போகட்டும் என்று நினைத்தேன். வெட்டினேன். ஓரத்தில் இருந்த 'இதைக் கட்டியவர்' என்பதும் அதோடு போனது, முகம் மட்டும் பளிச்சென்று நின்றது. அக்காவின் போனிலிருந்தே, அவர் பெயரில், ஊர் குரூப்பில் போட்டேன். 'எப்படி உண்டு?' என்று ஒரு வரி. பெருமையில் போட்டதுதான். நான் செய்தது அவ்வளவு. அவ்வளவே போதுமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த முகம் வேறு மூன்று குரூப்புகளிலிருந்து என்னிடமே திரும்பி வந்தது. 'பிள்ளை பிடிக்கிறவன். போலீஸ் வரைந்த படம். கண்டால் விடாதீர்கள்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பென்சில் படம், பெயர் இல்லை, ஊர் இல்லை. போலீஸ் படம் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நான் உடனே 'அது பொய், அந்தப் படத்தை வெட்டிப் போட்டது நான்' என்று எழுதியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அக்காவைப்போல அழிரப்பர் இல்லாதவளாக இருந்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில் பிகாஷ் அண்ணனைப் பிடித்தார்கள். அந்தப் பள்ளியின் மதிலுக்குப் பூச்சு வேலை செய்ய வந்தவர். கையில் கொத்துக்கரண்டி இருந்தது. அதை ஆயுதம் என்றார்கள். போலீஸ் வருவதற்குள் விழுந்த அடியில் இடது காதின் கேட்கும் சக்தி போய்விட்டது. அது பிறகு திரும்பவே இல்லை.

நான் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை.

"நீ செய்தது தப்பாக்கும்" என்றார். "எனக்கும் அதுல பங்கு உண்டு. வெட்ட முடியுமாதிரி நான் வரைஞ்சுட்டேன். வண்டிய எடு."

ஆஸ்பத்திரியில் பிகாஷ் அண்ணன் தலைக்கட்டோடு படுத்திருந்தார். அக்கா என்னை அவருடைய வலது காதுப் பக்கம் நிறுத்திவிட்டு, "சொல்லு" என்றார். சொன்னேன். அவர் படுத்தபடியே கையை நீட்டினார். பிறகு, "போட்டோவ காட்டு" என்றார். போனை நீட்டினேன். விரலால் படத்தைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"எனக்க பேரு எங்க, பிரின்ஸி?" என்றார்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? வண்டியில் போகும்போது, குளிக்கும்போது, கூரியர் பார்சலில் முகவரி வாசிக்கும்போது. நான் ஒரே இடத்தில் நிற்காதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். நின்றால் அது கேட்கும்.

பழி அக்கா மேல் விழுந்தது. நீங்கள்தான் போட்டீர்கள். 'மேபல் வரைந்த படத்தால் ஒரு பாவப்பட்டவன் அடி வாங்கினான்' என்றீர்கள். சபையில் சொன்னார்கள், சாயக்கடையில் சொன்னார்கள். ரெக்கார்டு நோட்டோடு வருகிற பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கேட்டார்கள், படத்தை யார் போனில் போட்டது என்று. "நான் வரைஞ்ச படமாக்கும். வேற எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வெளியே புளியமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தது நான்.

"எக்கா, எனக்க பேர சொல்லியிருக்கலாமே."

"உனக்க பேர நான் எழுதமாட்டேன் எண்ணு எத்தன தடவ சொல்லணும்? அத நீதான் எழுதணும்."

"எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும் உண்டு. வண்டிய எடு."

அவர் அதன் பிறகு வரைவதை நிறுத்துவார் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் வரைகிற விதத்தைத்தான் மாற்றினார். பிகாஷ் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி வரைந்தார். "இந்த தடவ பேர அடியில எழுதாத. மொகத்துக்கு குறுக்க எழுது" என்றார். பிகாஷ் அண்ணன் தயங்கினார். பிறகு நெற்றியில் தொடங்கி, கண் வழியாக, மூக்கைத் தாண்டி, தாடை வரைக்கும் அந்த வட்ட எழுத்துகளை இறக்கினார்.

"மொகம் கெட்டுப்போச்சே எக்கா" என்றேன்.

"கெடட்டு. இனி எவளும் வெட்ட முடியாதுல்லா."

எவளும் என்றார். எனக்கு உறைத்தது. அதற்காகத்தான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அவர் செய்ததை முக்கில் நின்ற எல்லோரும் பார்த்தீர்கள். சாயக்கடை பெஞ்சில், எல்லோரும் முறைத்துக்கொண்டிருக்க, சார்ட் பேப்பர் கட்டோடு வந்து சாய்ந்து படுத்தார். இந்தத் தடவை வெளியூர்க்காரர்களை வரையவில்லை. சாயா குடிக்க வந்த நம்மை வரைந்தார். அதே பென்சில். அதே அளவு. மீன்காரம்மாவை வரைந்தார். பஸ் கண்டக்டரை வரைந்தார். சுகுமாரன் அண்ணன் பால் வாங்க மனைவியோடு வந்தார்.

"அண்ணே, இரியும். உம்ம ஒண்ணு வரையட்டு."

"எனக்க மொகத்த வரைஞ்சு என்ன செய்யப்போற?"

"கரண்டு போஸ்டுல ஒட்டப்போறேன்."

"எதுக்கு?"

"பென்சில்ல வரைஞ்சு பேரு போடாம ஒட்டினா எல்லாவனும் கள்ளனப் போலத்தான் இருப்பான் எண்ணு ஊருக்கு தெரியண்டாமா?"

கடை முழுக்கச் சிரித்தது. அவர் முகம் சிவந்தது. அவருடைய மனைவிதான் பால் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டு, "வரை மேபலு, வரை. இவருக்கு அதுக்கு பென்சிலே வேண்டாம்" என்றார். இனி எழுந்து போனால் தோற்றது போலாகும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா காதை வரைந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"கல்ஃபுல ஒரு ரூமுல எத்தன பேரு கிடந்தீரு அண்ணே?"

"பதினாலு."

"பேரு சொல்லி விளிப்பானுவளா?"

"பேரா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "மலபாரி எண்ணு விளிப்பான். பதினேழு வருஷம் ஒரே அரபிக்க கீழ. நான் திரும்பி வாறண்ணைக்கு டிக்கெட்டுல பாத்துதான் எனக்க பேர வாசிச்சான். தப்பா வாசிச்சான்."

அக்கா படத்தை நீட்டினார். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி முகத்தின் குறுக்கே, இனிஷியலோடு, முழுப் பெயரையும் எழுதினார். பேனா பேப்பரைக் கிழித்துவிடுமோ என்று பயந்தேன், அவ்வளவு அழுத்தம்.

அதற்காக அவர் ஃபிளெக்ஸைக் கழற்றினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கழற்றவில்லை. அடுத்த வருஷத்து இடவப்பாதிப் பருவமழைக் காற்றில் அது ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே போனார், வந்தார். திருப்பிக் கட்டவில்லை. பிறகு மறுபக்கமும் அறுந்தது, பிகாஷ் அண்ணன் நட்ட கம்பி இரண்டும் இப்போது வெறுமனே நிற்கின்றன.

அந்தச் சனிக்கிழமை கடைசியாக அக்கா என்னை வரைந்தார். எனக்கு முன்பே தெரியும், என் முறை வரும் என்று. படம் முடிந்ததும் பேனாவை நீட்டினார். முக்கில் முப்பது பேர் இருந்தார்கள். பிகாஷ் அண்ணனும் இருந்தார், நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு. அங்கே என் பெயரை எழுதினால் அத்தோடு நிற்காது. எதற்காக எழுதுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். பார்சல் இருக்கிறது, கொடுக்கப் போக வேண்டும் என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டேன். பார்சல் ஒன்றும் இல்லை. வெள்ளறடை வரைக்கும் சும்மா ஓட்டிப் போய், திரும்பி வந்தேன். "இது இங்க கிடக்கும். எப்ப எழுதுவியோ அப்ப எழுது" என்று அக்கா என் படத்தைச் சுருட்டி நோட்டுகளுக்கு நடுவே செருகிவைத்தார்.

ஹாலோபிரிக்ஸ் கம்பெனிக்குப் பின்னால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்குகிற ஷெட்டுகளில் அந்த மழையில் தண்ணீர் ஏறியது. படங்களை நனையாமல் எடுக்க வேண்டும், அவரவர் ஊருக்குக் கொண்டுபோகிற படங்கள் என்று சொல்லி அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நான் திண்டின் மேல் நின்று வாங்கி வாங்கி வைத்தேன். அவர் காலில் ஒரு சிராய்ப்பு இருந்தது. "மாத்திரை வாங்கி போடும் எக்கா, எலிப்பனி வரும்" என்றேன். இரண்டு வருஷ நர்சிங் படிப்பில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்றே ஒன்று அது. "நாளைக்கு ஆவட்டு" என்றார். நான் வற்புறுத்தவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

அடக்கத்தன்று சபைக் கல்லறைத் தோட்டத்தில் பிகாஷ் அண்ணன் ஆறேழு பேரோடு வந்திருந்தார். மதிலுக்கு வெளியேதான் நின்றார்கள். அக்காவின் அண்ணன் டைட்டஸ் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். கல்லறைக்குப் பூச்சு வேலையைப் பிகாஷ் அண்ணன்தான் செய்தார். செய்துகொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்க படம் எங்க?"

"அக்கா வீட்டுல கிடக்கு."

"எழுதியாச்சா?"

"இல்ல."

அவர் கரண்டியைத் தண்ணீரில் முக்கி, ஈரச் சிமெண்டை ஒரு முறை நீளமாகத் தடவினார். "நான் ஆரு கிட்டயும் சொல்லல்ல" என்றார். "அக்காவும் சொல்லல்ல. இனி நீ மட்டும்தான் உண்டு."

டைட்டஸ் அண்ணன் அக்காவின் மேசையில் எனக்கென்று இருந்ததையெல்லாம் எடுத்துத் தந்தார். ஒரு ரெக்கார்டு நோட்டு. அதில் பாதி இதயம், அப்படியே பாதியாக. பசை காய்ச்சுகிற பழைய பால்மாவு டின். சுருட்டிய என் முகம். காது நன்றாகத்தான் வந்திருக்கிறது.

நோட்டும் டின்னும் என்னிடம் இருக்கும். அக்காவின் பேச்சில் ஒன்றும் இருக்கும்: ஒருவர் பெயரை அவர்தான் எழுத வேண்டும். அதனால் எழுதுகிறேன். பிகாஷ் அண்ணனின் முகத்தை வெட்டி குரூப்பில் போட்டது மேபல் அக்கா அல்ல, பிரின்ஸியாகிய நான். ஒரு வருஷத்துக்கும் மேலாக நீங்கள் அக்காவைச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததும் நான்.

இன்று காலை மரச்சீனி மாவு காய்ச்சினேன். துருசும் போட்டேன். அந்த இரண்டு கம்பிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற கரண்டு போஸ்டில் என் படத்தை ஒட்டியிருக்கிறேன். நத்தை தின்னாது. மழை கொண்டுபோவதற்குள் போய்ப் பாருங்கள். வேண்டுமானால் போட்டோ எடுங்கள், குரூப்பில் போடுங்கள். வெட்டியும் போடுங்கள். எங்கே வெட்டினாலும் என் பெயரில் ஓர் எழுத்தாவது அதில் இருக்கும்.